லாலாங் ஆண்ட மேடு

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் ‘ஜாசின் லாலாங்’ என்று ஒரு தோட்டம். அதே பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளியும் உண்டு. அந்த மாவட்டத்திலேயே ‘டைமண்ட் ஜூபிலி’ என்று வைரவிழாவின் பெயர் தாங்கிய தோட்டம் இருக்கிறது. புக்கிட் அசகான், புக்கிட் காஜாங் என்று குன்றுகளின் பெயரால் வழங்கும் தோட்டங்கள் இருக்கின்றன. பெயர் வைப்பவர்கள் பெருமைக்குரியதைத்தான் தேடுவார்கள். லாலாங்கோ ஒரு களைப்புல். நடந்தால் காலைக் கீறும். முற்றிவிட்டால் மாடுகூட வாய் வைக்காது. கொளுத்திப் போட்டால் சாம்பலிலிருந்து மறுபடி பச்சையாக எழும். பெயர் வைத்த நாளில் அங்கே கண்ணில் பட்டது அந்தப் புல்தான் என்று கொண்டால் பெயருக்குப் பொருள் கிடைக்கிறது. மலாக்காவின் நாட்டுப்புறம் எப்படி உருவானது என்பதற்கும் அதுவே நல்ல தொடக்கம்.

தோட்டத்துத் தமிழர் வரலாற்றை நாம் சொல்லும்போது ‘காட்டை அழித்து நாட்டை ஆக்கினோம்’ என்றே தொடங்குகிறோம். பேராவிலும் பகாங்கிலும் பல இடங்களுக்கு அது பொருந்தும். மலாக்காவின் பெரும்பகுதிக்கு அது முழு உண்மை இல்லை. நம் முன்னோர் வந்து இறங்கியபோது இங்கே பல மேடுகளில் காடே இல்லை. அதை வேறொரு பயிர் ஏற்கெனவே தின்று முடித்திருந்தது. மிஞ்சிய மண்ணில் லாலாங் அலையடித்துக்கொண்டிருந்தது. பாழான நிலத்தில் மரம் வளர்த்து நிழல் கொண்டுவரும் வேலைதான் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதற்கு மண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

மலாக்கா மாநிலம் மொத்தமே சுமார் 1,660 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டம் அளவு. அதற்குள் மூன்று மாவட்டங்கள்: நகரத்தைச் சுற்றி மலாக்கா தெங்கா, வடக்கே அலோர் காஜா, கிழக்கே ஜாசின். வடமேற்கில் லிங்கி ஆறு நெகிரி செம்பிலானைப் பிரிக்கிறது. தென்கிழக்கில் கெசாங் ஆறு ஜொகூரைப் பிரிக்கிறது. நடுவே மலாக்கா ஆறு. ஜாசின் பக்கம் நின்று கிழக்கே பார்த்தால் ஜொகூர் எல்லைக்குள் 1,276 மீட்டர் உயரத்தில் லெடாங் மலை தெரியும். மற்றபடி மலை என்று சொல்ல இங்கே ஒன்றும் இல்லை. அலை அலையாகத் தாழ்ந்த மேடுகள், மேடுகளுக்கிடையே ஈரமான பள்ளங்கள். பள்ளத்தில் மலாய்க்காரர்களின் நெல்வயல், வயலோரம் கம்பம் என்னும் மலாய்க் கிராமம், மேட்டில் தோட்டம். நிலத்தின் ஏற்ற இறக்கமே யார் எங்கே குடியிருப்பது என்பதையும் பெருமளவு வகுத்துவிட்டது.

மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். சென்னைக்குப் பெய்வதோடு ஒப்பிட்டால் இது அதிகம், மலேசியக் கணக்கில் குறைவு. தென்மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தைக் கடலுக்கு அக்கரையில் சுமத்ராவின் மலைத்தொடர் முன்னதாகவே பிழிந்துகொள்கிறது. 1991இல் டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் வற்றி மாநிலமே குடிநீருக்குத் தவித்ததை மலாக்காக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆறுகள் சிறியவை, அவற்றின் நீர்ப்பிடிப்பும் சிறியது. இப்போது ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்தும் தண்ணீர் எடுத்துத்தான் மலாக்கா சமாளிக்கிறது.

மேட்டைத் தோண்டினால் செம்மண். அதற்குக் கீழே துருப்பிடித்த இரும்புபோலக் கரடுமுரடான கல். நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் வெட்டுக்கல் என்பார்களே, அந்தச் செம்புரைக்கல்தான். வெப்பமும் மழையும் ஓயாமல் இருக்கும் நாட்டில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி இறங்கிப் பயிருக்குத் தேவையான சுண்ணாம்பு, பொட்டாசியம் போன்ற சத்துகளை கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது. கரையாத இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கி இறுகுகின்றன. அந்தக் கல் மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்ட வரும். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டால் கெட்டியாகிவிடும். போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க் 1511இல் மலாக்காவைப் பிடித்ததும் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு இந்தக் கல் பயன்பட்டது. 1807இல் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு வாசல் மட்டும் தப்பியது. அதே 1807இல்தான் பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் தாம் கண்ட இந்தக் கல்லுக்கு, செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்ற பெயரை அச்சில் கொடுத்தார். மலேசிய மண் அறிவியலாளர்கள் செம்புரைக்கல் பரல் நிறைந்த ஒரு மண்வகைக்கு ‘மலாக்கா வரிசை’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வேர் ஆழமாக இறங்க முடியாத, சத்தையும் ஈரத்தையும் பிடித்துவைக்கத் தெரியாத மண் அது.

இங்கே அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளியை நினைத்துக்கொள்வது உதவும். அங்கே மழை குறைவு, குளிர் கடுமை, அடிக்கடி காட்டுத்தீ. அதனால் மரம் இல்லை, புல்தான் இயற்கை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்லின் வேர்கள் ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கி, மடிந்து, மக்கிக் கரிய மண்ணாகின. 1862இல் வந்த குடியேற்றச் சட்டத்தை நம்பிப் போன உழவர்கள் புல்லைப் புரட்டியபோது உலகின் மிக வளமான மண்களில் ஒன்று கிடைத்தது. செல்வம் புல்லுக்கு அடியில் இருந்தது. மலாக்காவில் எல்லாம் தலைகீழ். இங்கே காடுதான் இயற்கை. சத்து மண்ணில் இல்லை, மரத்தில் இருந்தது. உதிர்ந்த இலை சில மாதங்களில் மக்கிச் சத்து திரும்ப வேருக்குள் ஏறிவிடும். மரத்தை வெட்டினால் கையிருப்பு முழுவதும் போயிற்று. இங்கே ஒரு புல்வெளி இருந்தால், அங்கே எதையோ இழந்திருக்கிறோம் என்று பொருள்.

யார் இழக்கவைத்தார்கள் என்பதற்குள் போகுமுன் நானிங்கைப் பார்த்துவிட வேண்டும். அலோர் காஜா என்ற பெயருக்கு யானைத் தடம் என்று பொருள் சொல்வார்கள். அங்கே யானை நடந்த காடு இருந்தது. அந்தப் பகுதிதான் நானிங். 1613இல் மானுவேல் கோடின்யோ தெ எரேடியா எழுதிய மலாக்கா நூலின் நிலப்படத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. மினாங்கபாவ் மக்கள் தாய்வழி நிலவுரிமையோடு வாழ்ந்த நாடு அது. நிலம் மகளுக்குப் போகும். தாபோ நானிங் பக்கம் இன்றும் மலாய்க்காரர்கள் ‘உயிருள்ள கல்’ என்று சொல்லும் நெடுங்கற்கள் நிற்கின்றன. நம் ஊர் நடுகற்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அங்கே சற்று நேரம் நிற்கத் தோன்றும்.

1824 ஒப்பந்தத்தின்படி டச்சுக்காரர்களிடமிருந்து மலாக்காவைப் பெற்ற ஆங்கிலேயர், நானிங்கின் விளைச்சலில் பத்தில் ஒன்று தமக்கு வர வேண்டும் என்றார்கள். தலைவர் டோல் சையத் மறுத்தார். 1831இல் போன படை தோற்றுத் திரும்பியது. 1832இல் பெரிய படை போனது. சாலையின் இருமருங்கும் காட்டை அகலமாக வெட்டிக்கொண்டே மெல்ல முன்னேறித் தாபோவைப் பிடித்தார்கள். அந்தப் படையின் சிப்பாய்கள் மதராஸ் ரெஜிமெண்டுகளைச் சேர்ந்தவர்கள். ஆக, அலோர் காஜாக் காட்டுக்குள் தென்னிந்தியர்கள் பெருந்தொகையாக நுழைந்தது கித்தா எனும் ரப்பர் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, கையில் துப்பாக்கியோடு. அந்தப் போரில் இருந்த மதராஸ் பீரங்கிப்படைக் கேப்டன் பெக்பி எழுதிய மலாய்த் தீபகற்ப நூல் 1834இல் வேப்பேரி மிஷன் அச்சகத்தில் அச்சானது. போர்ச் செலவு சுமார் ஒரு லட்சம் பவுன் என்பார்கள். நானிங் நெல்லில் பத்திலொரு பங்கு எத்தனை ஆண்டு சேர்ந்தாலும் அதை ஈடுகட்டியிருக்காது. ஆனால் அதற்குப் பிறகு உள்நாட்டு நிலத்தை அளந்து குத்தகைக்கு விட அரசுக்குத் தடை இருக்கவில்லை.

குத்தகை எடுத்தவர்கள் பெரும்பாலும் சீன முதலாளிகள். நட்டது மரவள்ளி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலாக்காவின் பெரும் பயிர் அதுதான். மாவாகவும் ஜவ்வரிசியாகவும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. மரவள்ளிக்கு உரம் போடும் வழக்கம் இல்லை. புதுக் காட்டை வெட்டிக் கொளுத்தி, சாம்பலில் குச்சி ஊன்றி, மூன்று நான்கு விளைச்சல் எடுத்ததும் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். கிழங்கை எடுக்க மண்ணையே பிடுங்கிப் புரட்ட வேண்டும். புரட்டிய சரிவில் வெப்பமண்டல மழை விழுந்தால் மேல்மண் ஓடையில் இறங்கிவிடும். மாவைக் காய்ச்சும் ஆலைக்கு விறகும் அதே காட்டிலிருந்துதான். மரவள்ளி மண்ணின் பொட்டாசியத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும் பயிர் வேறு. ஏற்கெனவே கையிருப்பில்லாத மலாக்கா மண்ணுக்கு அதற்கு மேல் என்ன கேடு வேண்டும்?

விட்டுப் போன நிலத்தில் லாலாங் வந்தது. இம்பெராட்டா சிலிண்ட்ரிக்கா என்பது அதன் அறிவியல் பெயர். நம் நாட்டில் சில இடங்களில் தர்ப்பை என்று சடங்குக்கு எடுப்பதும் இந்தப் புல்தான். இதன் விதை பஞ்சோடு காற்றில் பறக்கும். ஆனால் அதன் உண்மையான பலம் மண்ணுக்குள் இருக்கிறது. வெள்ளையாய், கணுக்கணுவாய், ஊசி முனையோடு தண்டுகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. ஒரு துண்டு தங்கினாலும் போதும், அதன் கணுவிலிருந்து முளைவிடும். தீ வந்தால் மேலே உள்ள இலை எரியும், கீழே தண்டு பத்திரமாக இருக்கும். எரிந்த இடத்தில் மரக்கன்று செத்துப்போக, புல் மட்டும் திரும்ப எழும். அடுத்த வறட்சியில் காய்ந்த புல்லே அடுத்த தீக்கு விறகு. தனக்கு வேண்டிய தீயைத் தானே வளர்த்துக்கொள்ளும் செடி அது. கடும் வெயிலில் ஒளியைச் சர்க்கரையாக்கும் திறன் கரும்புக்கும் சோளத்துக்கும் இருப்பதுபோல இதற்கும் உண்டு. அதன் பலவீனமும் அதுவே. நிழலைத் தாங்காது.

இந்த நிலத்துக்குத்தான் கித்தா வந்தது. பிரேசிலிலிருந்து 1876இல் விக்காம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அங்கே தாவரத் தோட்டத்தின் பொறுப்பை 1888இல் ஏற்ற ரிட்லி, கண்டவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொன்னார். காது கொடுத்தவர் மலாக்காவின் டான் சாய் யான். மரவள்ளி முதலாளிக் குடும்பத்தில் வந்த அவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். சில ஆண்டுகளில் லெடாங் அடிவாரத்துப் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். மரவள்ளிக்கு நடுவே ரப்பர் நட்டார்கள். கிழங்கு எடுத்து முடிவதற்குள் மரம் குடை விரிக்கும். அமிலம் மிகுந்த ஏழை மண்ணைப் பொறுத்துக்கொண்டு வளரும் மரம், ஐந்தாறு ஆண்டில் கிளைகள் ஒன்றையொன்று தொட்டு நிழல் கட்டிவிடும். நிழல் விழுந்தால் லாலாங் போயிற்று.

அந்த ஐந்தாறு ஆண்டுகள்தான் ஆட்களைக் கேட்டன. கன்றைச் சுற்றிப் புல்லைத் தோண்டி, தண்டைப் பொறுக்கி, வெயிலில் உலர்த்தி, திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டும். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினம் வழியாகவும் சென்னை வழியாகவும் ஆள் வந்தது. முதலில் ஒப்பந்தத்தில் கட்டுண்ட சஞ்சிக்கூலிகள், 1910இல் அந்த முறை நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி கூட்டிவந்தவர்கள். 1910இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. பிரேரியில் வளர்ந்த கோதுமையைத் தின்றவர்கள் ஓட்டிய கார்களின் சக்கரத்துக்கு மலாக்காப் புல்மேட்டில் நின்றவர்கள் பால் கொடுத்தார்கள்.

அவர்கள் உயிரையும் கொடுத்தார்கள். மலாயாவின் மலேரியாவுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. தாழ்நிலத்துச் சதுப்பில் நிழலில் முட்டையிடும் கொசுவை, காட்டை வெட்டி நீரை வடித்தால் ஒழிக்கலாம். மேட்டு நிலத்தில் அதே வேலையைச் செய்தால் நோய் கூடியது. காரணம், அனோபிலஸ் மாக்குலாட்டஸ் என்ற கொசு வெயில் விழும் தெளிந்த ஓடையைத் தேடிப்போய் முட்டையிடும். மரம் மூடியிருந்த ஓடையைத் திறந்துவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். மால்கம் வாட்சன் போன்ற மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்து, ஓடையை மண்ணுக்கடியில் குழாயில் விடவும் எண்ணெய் தெளிக்கவும் சொல்லும்வரை தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் காய்ச்சல் ஆட்களை அள்ளிக்கொண்டு போனது. கொசுவுக்கு முதலாளி, கூலி என்ற பேதம் இல்லை. டான் சாய் யானும் 1916இல் மலேரியாவில்தான் இறந்தார். ஆனால் அவருடைய பெயர் நூல்களில் இருக்கிறது. லயத்தில் இறந்தவர்கள் தோட்டத்து இடுகாட்டில் பெயர்ப்பலகை இல்லாமல் கிடக்கிறார்கள். அந்த இடுகாடுகள் பலவற்றின் மேல் இன்று எண்ணெய் தரும் செம்பனை நிற்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது.

பால் வெட்டும் தொழிலின் அறிவை யாரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியலாகச் சொல்லித்தரவில்லை. அவர்கள் அப்பா அம்மாவின் கையில் அது இருந்தது. பட்டைக்குள், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்குச் சற்று வெளியே, பால் நாளங்கள் ஓடுகின்றன. அவை நேராக ஏறாமல் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே இறங்க வேண்டும்; அப்போதுதான் அதிக நாளங்கள் அறுபடும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் படலம் காயப்பட்டு, பட்டை திரும்ப வளராமல் முண்டு முண்டாகிவிடும். விடியுமுன் இலைகள் நீரை வெளியே விடாத நேரத்தில் நாளங்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பால் வேகமாய் வரும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும். அதற்காகத்தான் இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தலையில் விளக்கு, நானூறு ஐந்நூறு மரம். பால் வடியும் மங்கைத் துடைத்து, வெட்டில் உறைந்த ஒட்டுப்பால் எடுத்து, வெட்டி முடித்து, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் பாலைச் சுமந்து ஸ்டோருக்குப் போகும்போது ஊர் அப்போதுதான் காலைச் சோற்றுக்கு உட்காரும்.

தம்பினிலிருந்து அலோர் காஜா வழியாக மலாக்கா நகருக்கு 1905இல் ஒரு ரயில் கிளைப்பாதை திறந்தார்கள். ரப்பர் போனது, அரிசி வந்தது, மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போகிறவர்களும் போயிருப்பார்கள். ஜப்பானியர் வந்ததும் அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு எடுத்துப்போனார்கள். தோட்டத்து ஆட்களையும் அதே பாதைக்குத்தான் கொண்டுபோனார்கள். இரும்பு திரும்பவில்லை. ஆட்களிலும் மிகப் பலர் திரும்பவில்லை. தோட்டத்தில் எஞ்சியிருந்தவர்கள் அரிசி இல்லாமல் மரவள்ளி நட்டுத் தின்றார்கள். இந்த மண்ணைக் கெடுத்த கிழங்கே அந்த மூன்றரை ஆண்டுகளில் உயிரைப் பிடித்து வைத்தது. அந்தக் கிளைப்பாதை மறுபடி போடப்படவே இல்லை. இன்றும் மலாக்கா நகருக்கு ரயிலில் போக நினைப்பவர் பூலாவ் செபாங்கில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

புல்லோடு நடந்த சண்டைக்குத் திரும்புகிறேன். முதல் தலைமுறைத் துரைகள் நிலம் துடைத்துவைத்த வாசல்போல இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு புல் இல்லாமல் கொத்திய சரிவில் மிச்சமிருந்த மேல்மண்ணும் மழையில் இறங்கியது. பிறகுதான் பயற்றுக்கொடிகளைப் படரவிடும் வழக்கம் வந்தது. அவை மண்ணை மூடும், வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைக்கும், லாலாங்கையும் அமுக்கும். இடையிலே சோடியம் ஆர்சனைட் தெளித்த காலமும் ஒன்று உண்டு. தெளித்த புல்லைத் தின்று தோட்டத்து மாடுகள் செத்தன. பிற்காலத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. அதைத் தெளிக்கும் தோம்பை முதுகில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்று, மூக்கில் ரத்தம் வடிந்த கதைகளைத் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் பல ஆண்டு எடுத்துச் சொன்ன பிறகு, 2020 ஜனவரியில்தான் மலேசியா அந்த மருந்தை முழுவதும் தடை செய்தது. அதற்குள் அந்தத் தலைமுறைப் பெண்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

செம்பனை வந்தபோது வேறொரு கணக்கு. ரப்பருக்குத் தினமும் மரத்துக்கு மரம் ஆள் வேண்டும். செம்பனைக்குக் குலை பழுத்தால் போதும். குறைந்த கூலியில், குறைந்த ஆளில் தோட்டம் ஓடியது. தொடக்கத்தில் பெண்களுக்கு ஒரு வேலை இருந்தது. பூவுக்குப் பூ மகரந்தத் தூளைக் கையால் தூவுவது. ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்த வண்டு இங்கே இல்லை. 1981இல் கேமரூனிலிருந்து எலைடோபியஸ் என்ற சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசிமணியை விடச் சிறியது. அது பூவுக்குப் பூ போகத் தொடங்கியதும், மகரந்தம் தூவிய பெண்களின் வேலை நாடு முழுவதும் முடிந்துவிட்டது. விளைச்சல் பெருகியதைப் பாடநூல்கள் சொல்கின்றன. வேலை இழந்தவர்கள் பற்றி நான் ஒரு பாடநூலிலும் படித்ததில்லை.

லயங்கள் காலியாகின. டுரியான் துங்கலில் பல்கலைக்கழகம், சாலையோரம் வீடமைப்பு, தொழிற்பேட்டை. மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் ‘லாடாங்’, அதாவது தோட்டம், என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிவேன் பிள்ளைகளை அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் வீடமைப்புகளிலிருந்து ஏற்றி வருகிறது. பால் மரத்தை அவர்கள் படத்தில் பார்க்கிறார்கள்.

செம்பனைக்கு வயது இருபத்தைந்து ஆனால் குலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இயந்திரம் வந்து மரத்தைச் சாய்த்துத் துண்டு போட்டுப் பரப்பிவிட்டுப் போகும். புதுக் கன்று நடுமுன் சில மாதம் மேடு வெயிலில் திறந்து கிடக்கும். அப்போது போய்ப் பாருங்கள். சிவந்த மண்ணில் செம்புரைப் பரல் தெரியும். வரப்போரத்தில், கன்றுக்கு வெட்டிய குழியின் விளிம்பில், ஈட்டி முனைபோல வெளிர்பச்சையாக லாலாங் ஏறிக்கொண்டிருக்கும்.